பிள்ளையைத் தற்கொலையில் இழந்த பெற்றோரின் துயரம்: ஓர் எளிய விளக்கம்

எனக்கு அறிமுகமான ஒருவர், இறந்துபோன தம் மகனின் கைப்பேசி எண்ணுக்கு 28 நாளைக்கு ஒருமுறை தவறாமல் ரீசார்ஜ் செய்துவந்தார். மகனுக்கு 19 வயது. பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். கைப்பேசியை விசாரணைக்காகக் காவல் நிலையத்தில் வாங்கி வைத்திருந்தார்கள். பேச ஆளில்லாத எண்ணுக்கு மாதாமாதம் எதற்குப் பணம் என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டதற்கு, “கட்டலேன்னா நம்பரை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க தம்பி” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை போன துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அவருக்குப் புத்தி ஒன்றும் கலங்கவில்லை. பிள்ளையைத் தற்கொலையில் பறிகொடுத்த பெற்றோர் செய்யும் பல காரியங்கள் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விசித்திரமாகத் தோன்றினாலும், அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதை உளவியல் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டிருக்கிறது. அந்தப் புரிதலை, இதைப் பற்றி முதன்முறையாகப் படிக்க வருபவருக்காக இங்கே விளக்க முயல்கிறேன். அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு உறவினராகவோ அண்டை வீட்டாராகவோ இருப்பவரையும், அந்த வீட்டுக்குள்ளேயே இருப்பவரையும் மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

மற்ற மரணங்களிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது?

பெற்றவர் இருக்கப் பிள்ளை போவது எந்த வகையில் நேர்ந்தாலும் தாங்க முடியாதது. ‘புத்திர சோகம்’ என்று அதற்கென்றே ஒரு சொல்லை வைத்திருக்கிறோம். ஆனாலும், காய்ச்சலில் போன பிள்ளைக்காகக் காய்ச்சலை நொந்துகொள்ளலாம். லாரி மோதிப் போன பிள்ளைக்காக லாரிக்காரனைச் சபிக்கலாம். தற்கொலையில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. கோபம் யார்மேல் போக வேண்டுமோ அவரே இறந்தவர், அந்த இறந்தவரோ தான் பெற்ற பிள்ளை. போக இடமில்லாத கோபம் சுற்றிச் சுற்றி வந்து பெற்றவரிடமே குற்றவுணர்வாகத் தங்கிவிடுகிறது.

நம் மொழியும் இதில் உதவுவதாக இல்லை. ‘தற்கொலை’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘கொலை’ உட்கார்ந்திருக்கிறது. கொலை என்றால் கொன்றவர் ஒருவர் இருக்க வேண்டும், குற்றம் ஒன்று இருக்க வேண்டும், காரணமானவர் யார் என்ற கேள்வியும் உடனே எழ வேண்டும். அதனால்தான் பெற்றோர் அந்தச் சொல்லை வாயால் சொல்வதே இல்லை. “இப்படிப் பண்ணிட்டான்”, “எங்கள விட்டுட்டுப் போயிட்டா” என்றுதான் சொல்வார்கள். செய்தித்தாள்கள் ‘விபரீத முடிவு’ என்று எழுதுகின்றன. அமைதியாக உட்கார்ந்து எடை போட்டு எடுத்த முடிவு என்ற எண்ணத்தை அது உண்டாக்குவதால் எனக்கு அந்தத் தொடரில் உடன்பாடு இல்லை. அது எந்த அளவுக்கு முடிவு, எந்த அளவுக்கு வலி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். ஒரு தற்கொலை எத்தனை பேரைத் தொடுகிறது என்ற கேள்விக்கு, நெருங்கிய உறவினர் ஆறு பேர் என்ற மதிப்பீடே பல காலம் வழங்கிவந்தது. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இறந்தவரை அறிந்தவர்களாக ஏறத்தாழ 135 பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டது. வகுப்புத் தோழர்கள், ஆசிரியர்கள், பேருந்தில் கூட வருபவர்கள் என்று எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு மிகையாகத் தோன்றாது. ஆனால் அந்த 135 பேரில், இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து தன் தவறு என்ன என்று தேடுபவர்கள் பெரும்பாலும் இரண்டே பேர்.

எட்வின் ஷ்னைட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை வெகு முன்பே கவனித்தார். 1958இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். தற்கொலையைத் தடுப்பது ஒரு பணி என்றால், அது நிகழ்ந்துவிட்ட பிறகு எஞ்சியிருப்பவர்களைத் தாங்கிப் பிடிப்பது தனியான இன்னொரு பணி என்று கூறி, அதற்கென ஒரு சொல்லையும் அவர் உருவாக்கினார். தமிழில் அதைத் ‘தற்கொலைக்குப் பிந்தைய ஆதரவு’ எனலாம். எஞ்சியவரைத் தாங்குவது அடுத்த தலைமுறைக்கான தடுப்பு என்பது அவருடைய கருத்து.

முதல் நாள்கள்

வயதானவர் இறந்த வீட்டில் முதல் நாள் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். பந்தல் போடுவார்கள், நாற்காலி வரும், ஆட்கள் வருவார்கள், பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள். தற்கொலை நடந்த வீட்டில் முதலில் வருவது காவல்துறை. இயற்கைக்கு மாறான மரணம் என்பதால் சட்டப்படி விசாரணை நடந்தே ஆக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவின் கீழ் அது நடந்துவந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவின் கீழ் நடக்கிறது. யாரையும் குற்றவாளியாக்குவதற்கான விசாரணை அன்று அது. இறப்பின் காரணத்தைப் பதிவு செய்வதற்கான நடைமுறை. ஆனால் “கடைசியா நீங்க என்ன பேசுனீங்க? திட்டுனீங்களா?” என்று எழுதுகோலோடு ஒருவர் எதிரில் நிற்கும்போது, இது வெறும் நடைமுறை என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்?

உடல் பிரேதப் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்குப் போகிறது. பிணவறை வாசலில் வேப்பமர நிழலிலோ தேநீர்க் கடைப் பலகையிலோ பல மணி நேரம் காத்திருக்கிறார்கள். சில குடும்பங்களில் துர்மரணம் என்று காரணம் காட்டி உடலை வீட்டுக்குக் கொண்டுவராமல் நேரே சுடுகாட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள், காரியங்களையும் சுருக்கிவிடுகிறார்கள். வாய்விட்டு ஒப்பாரி வைக்கும் பாட்டியைக்கூட ‘சும்மா இரு’ என்று அடக்குகிறார்கள். துக்கத்தைக் கரைப்பதற்கென்று நம் சமூகம் பல தலைமுறைகளாகச் சேர்த்துவைத்த சடங்குகள், மிகவும் தேவைப்படும் வீட்டில் பாதியிலேயே நிறுத்தப்படுகின்றன. கத்தோலிக்கரிடையேயும் ஒரு காலத்தில் இதே நிலை இருந்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் வேண்டுமென்றே தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983இல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. நம் வீடுகளில் இதை மாற்ற எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. பதினாறாம் நாள் காரியத்தை முறையாகச் செய்வோம் என்று பெரியவர் ஒருவர் எழுந்து சொன்னால் போதும்.

முதல் வாரங்களில் பெற்றோருக்கு அழுகை வராமலும் போகலாம். உடல் மரத்துப்போகும், சோறு இறங்காது, ஒரே வாக்கியத்தைப் பத்து முறை கேட்டாலும் மனத்தில் பதியாது. பிள்ளையை அந்த நிலையில் முதலில் பார்த்தவர் தந்தையோ தாயோ என்றால், கண்ணை மூடும்போதெல்லாம் அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வரும். அது துயரத்தோடு கலந்துவிட்ட அதிர்ச்சி. துயரத்துக்குக் காலம் வேண்டும். அதிர்ச்சிக்குச் சிகிச்சை உண்டு. இரண்டையும் ஒன்றாக எண்ணி ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுவது நாம் அடிக்கடி செய்யும் தவறு.

‘ஏன்?’ என்ற கேள்வி

இந்தத் துயரத்தின் நடுவில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. மதிப்பெண்ணா, காதலா, கடனா, நான் அன்று காலையில் கேட்ட அந்த ஒரு கேள்வியா? பெற்றோர் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டுகிறார்கள், நண்பர்களை அழைத்து விசாரிக்கிறார்கள், கடைசி வாரத்தின் ஒவ்வொரு மணி நேரத்தையும் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள். ‘செவ்வாய்க்கிழமை அவன் சாப்பிடாமல் எழுந்து போனானே, அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?’ என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை சாப்பிடாமல் எழுந்து போகும் பிள்ளைகள் ஊரில் ஆயிரம் பேர். புதன்கிழமை என்ன நடந்தது என்று தெரிந்த பிறகுதான் அந்தத் தட்டு ஓர் அறிகுறியாக மாறுகிறது. நடந்து முடிந்ததை வைத்துப் பின்னோக்கிப் பார்க்கும்போது, எல்லாமே முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதாகத் தோன்றும் இந்த மயக்கம் மனித மனத்தின் இயல்பு. அன்றைக்குத் தந்தையின் கையில் இருந்த தகவலை வைத்துத்தான் அன்றைய தந்தையை எடைபோட வேண்டும். இன்று தெரிந்ததை வைத்து அவரைத் தண்டிப்பது நியாயம் ஆகாது. இதைச் சொல்வது எளிது. ஒரு தந்தை இதை ஏற்றுக்கொள்ள ஆண்டுகள் ஆகும்.

1950களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸில், சில மரணங்கள் தற்கொலையா விபத்தா என்று முடிவு செய்ய முடியாமல் மரண விசாரணை அதிகாரி ஷ்னைட்மனிடமும் அவருடைய சகாக்களிடமும் உதவி கேட்டார். அவர்கள் இறந்தவரின் குடும்பத்தாரையும் நண்பர்களையும் மருத்துவரையும் சந்தித்துப் பேசி, அவருடைய கடைசிக் கால மனநிலையைத் திரட்ட முயன்றார்கள். ‘உளவியல் பிரேதப் பரிசோதனை’ என்று பெயர் பெற்ற முறை இப்படித்தான் பிறந்தது. பயிற்சி பெற்றவர்கள் இத்தனை பேரிடம் பேசினாலும் கிடைப்பது நோய், மனச்சோர்வு, இழப்பு, அவமானம், தனிமை, உடனடியாக நேர்ந்த ஒரு நெருக்கடி எனப் பல இழைகள் சேர்ந்து முறுக்கிய ஒரு கயிறுதான். நள்ளிரவில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு தாய், அந்தக் கயிற்றிலிருந்து தான் திட்டிய இழையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு அதுவே முழுக்கயிறு என்று நம்புகிறாள்.

“எங்கள நெனச்சுப் பாக்கலையே” என்பது இதே கேள்வியின் இன்னொரு வடிவம். என்னைக் கேட்டால், பெற்றோர் மனத்தில் ஆழத் தைக்கும் முள் இதுதான். இதற்கு ஷ்னைட்மன் ஓரளவு விடை தந்திருக்கிறார். தற்கொலை நிலையில் இருப்பவரிடம் பொதுவாகக் காணப்படுவது தாங்க முடியாத மனவலி என்றும், அந்த வலியில் சிந்தனை ஒடுங்கிவிடுகிறது என்றும் அவர் எழுதினார். தீப்பிடித்த அறையில் இருப்பவனுக்கு வாசல் மட்டும்தான் தெரியும். சுவரில் மாட்டியிருக்கும் குடும்பப் புகைப்படம் தெரியாது. பின்னர் தாமஸ் ஜாய்னர் என்ற ஆய்வாளர், தான் வீட்டுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற தவறான நம்பிக்கை பலரிடம் வலுவாக இருந்ததைச் சுட்டிக்காட்டினார். அதாவது, பிள்ளை பெற்றோரை நினைக்காமல் போனான் என்று சொல்ல முடியாது. நினைத்திருக்கவும் கூடும், அந்த நினைப்பே நோயால் திரிந்து, ‘நான் இல்லாவிட்டால் இவர்களுக்குச் சுமை குறையும்’ என்று ஆகியிருக்கவும் கூடும். இது ஆறுதலா என்றால், முழு ஆறுதல் இல்லை. ஆனால் ‘எங்கள் மேல் அவனுக்குப் பாசமே இல்லை’ என்ற முடிவுக்கு வந்து நிற்பதைவிட இது உண்மைக்கு நெருக்கமானது.

‘ஏன்’ என்ற கேள்விக்கு முழு விடை கிடைத்த பெற்றோரை நான் பார்த்ததில்லை. ஆனால் நாளொன்றுக்கு நூறு முறை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பின்பு பத்து முறையும், அதற்கும் பின்பு எப்போதாவதும் கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறுதல் என்பது எதைக் குறிக்கிறது?

துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகள் உண்டு என்பதைப் பலர் எங்கேனும் படித்திருப்பார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியபோது, தீராத நோயால் தாமே இறந்துகொண்டிருந்த நோயாளிகளைப் பற்றித்தான் எழுதினார். உயிரோடு எஞ்சியவர்களுக்கு அது பின்னாளில் நீட்டிக்கப்பட்டது. ஐந்து படி ஏறினால் கதவு திறந்துவிடும் என்று நம்பிக் காத்திருக்கும் பெற்றோர், மூன்றாம் ஆண்டிலும் முதல் படிக்கே வந்து விழும்போது, துக்கப்படுவதில்கூடத் தோற்றுவிட்டோம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இந்த ஐந்து படியை மறந்துவிடுவது நல்லது.

இதைவிடப் பொருத்தமான ஒரு விளக்கத்தை நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஸ்கட் ஆகிய இருவரும் 1999இல் முன்வைத்தார்கள். துக்கத்தில் இருப்பவரின் மனம் இரண்டு பக்கமும் ஊசலாடுகிறது என்பதே அதன் சாரம். ஒரு பக்கம் இழப்பு: அழுகை, ஏக்கம், புகைப்படம், ‘ஏன்’. இன்னொரு பக்கம் வாழ்க்கை: கரண்ட் பில், அலுவலகம், இளைய மகளின் தேர்வு, புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வேலைகள். அலுவலகத்தில் யாரோ சொன்ன நகைச்சுவைக்குத் தன்னையறியாமல் சிரித்துவிட்டு, உடனே கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழும் தந்தை கெட்டவரும் அல்லர், போலியும் அல்லர். அந்த ஊசல் ஆட வேண்டும். ஒரே பக்கத்தில் மாதக்கணக்கில் நின்றுவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அழுதுகொண்டே இருப்பதற்கு மட்டுமன்றி, அழவே அழாமல் வேலையில் மூழ்கிக் கிடப்பதற்கும் இது பொருந்தும்.

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இருப்பதில்லை என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். அவள் பிள்ளையைப் பற்றியே பேச வேண்டும் என்கிறாள்; அவர் அந்தப் பேச்சு வந்தாலே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். ‘இவருக்கு வலியே இல்லையா?’ என்று அவளும், ‘இவள் என்னை மூச்சுவிட விடமாட்டாளா?’ என்று அவரும் எண்ணுகிறார்கள். ‘நீ கொடுத்த செல்லம்’, ‘நீங்க காட்டிய கண்டிப்பு’ என்று ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவதும் இந்த வீடுகளில் நடக்கிறது. பிள்ளையை இழந்த தம்பதிகளில் பெரும்பாலோர் பிரிந்துவிடுவார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை. ஆனால் ஒருவர் துக்கப்படும் விதம் மற்றவருக்குப் புரியாமல் போகிறது என்பது உண்மை.

இறந்தவரோடு உள்ள உறவை அறுத்துக்கொண்டால்தான் துயரம் தீரும் என்று இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மேற்கத்திய உளவியல் நம்பிவந்தது. 1996இல் டென்னிஸ் கிளாஸ் உள்ளிட்ட மூவர் தொகுத்த ஆய்வுகள் அதை மறுத்தன. பிள்ளையை இழந்த பெற்றோரோடு பல ஆண்டுகள் பழகியவர் கிளாஸ். உறவு அறுவதில்லை, அது உருமாறித் தொடர்கிறது என்பதுதான் அவர்களுடைய முடிவு. ஆண்டுதோறும் திதி கொடுத்து, அமாவாசைக்குச் சோறு படைத்து, காக்கைக்கு ஒரு கவளம் வைக்கும் ஊர்க்காரர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் இதே உரிமையைத் தற்கொலையில் போன பிள்ளைக்கும் தர நாம் தயங்குகிறோம். அவனுடைய படத்தை மட்டும் கூடத்தில் மாட்டாமல் உள்ளறையில் வைத்துவிடுகிறோம்.

19 ஆண்டு என்பது ஏறத்தாழ 7,000 நாள். தவழ்ந்த நாள், பள்ளிக்குப் போக மாட்டேன் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுத நாள், மிதிவண்டியிலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட நாள் என்று அத்தனையும் அதில் அடக்கம். தற்கொலையின் பெரிய கொடுமை, கடைசி ஒரு நாள் அந்த 7,000 நாளையும் மூடிவிடுவதுதான். மகன் என்று நினைத்தாலே அந்த நாள்தான் வந்து நிற்கிறது. ஆகவே இந்தத் துயரத்தில் ஆறுதல் என்று எதையேனும் சொல்லலாம் என்றால், அது மறப்பது அன்று. மூடப்பட்ட அந்த மற்ற நாள்களை ஒவ்வொன்றாக மீட்டெடுப்பது. ஒரு தாய் தன் மகளைப் பற்றிப் பேசும்போது முதன்முறையாக, “அவளுக்குக் கத்தரிக்காய்னாலே ஆகாது, தட்டு ஓரத்துல ஒதுக்கி வெச்சுட்டு அவ அப்பா தட்டுக்குத் தள்ளிவிடுவா” என்று சொல்லி லேசாகச் சிரித்தால், அங்கே ஒரு நாள் மீண்டு வந்துவிட்டது என்று பொருள். அடுத்த நிமிடமே அவள் அழக்கூடும். அதனால் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை.

ஒத்த துயரம் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் உதவுவதில் தனிச் சிறப்பு இருக்கிறது. 1968இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஒரே மருத்துவமனையில் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். ஒருவன் விபத்தில், இன்னொருவன் புற்றுநோயில். அங்கே பணியாற்றிய சைமன் ஸ்டீஃபன்ஸ் என்ற இளம் சமயப் பணியாளர், தாம் சொல்லும் ஆறுதலைவிட அந்த இரு குடும்பத்துப் பெற்றோரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வது பலன் தருவதைக் கண்டார். அடுத்த ஆண்டில் பிள்ளையை இழந்த பெற்றோருக்கான ஓர் அமைப்பாக அது உருவெடுத்துப் பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது. அமைப்பு என்று ஒன்று இல்லாத ஊரிலும், இதே வழியாக வந்த இன்னொரு தாயை அறிமுகப்படுத்திவைப்பது முடியாத காரியமன்று.

சிலர் துயரத்தைப் பொதுக் காரியமாக மாற்றுகிறார்கள். அமெரிக்க செனட் உறுப்பினராக இருந்த கோர்டன் ஸ்மித்தின் மகன் காரெட், மனச்சோர்வால் அவதிப்பட்டு, 2003 செப்டம்பரில் தன் 22ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் தற்கொலையால் இறந்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில், இளைஞர் தற்கொலைத் தடுப்புக்கு நிதி ஒதுக்கும் சட்டம் காரெட்டின் பெயரிலேயே நிறைவேறியது. பதவியில் இருந்த ஒரு தந்தை, எப்படி இறந்தான் என்பதை மறைக்காமல் தம் மகனின் பெயரைச் சட்டத்தின் தலைப்பில் எழுதவைத்தார் என்பதுதான் என்னை ஈர்க்கிறது. ஆனால் எல்லாப் பெற்றோரும் இப்படி எழுந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவர்கள்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட மறுபடியும் ஒரு தாய்க்கு முடிகிறது என்றால், அதுவும் அதே அளவு பெரிய காரியம்தான்.

வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகள்

இவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். “நீதான் இனிமே அம்மாவப் பாத்துக்கணும்” என்று பன்னிரண்டு வயதுத் தங்கையின் தலையில் வருபவர்கள் எல்லாம் பொறுப்பை வைத்துவிட்டுப் போகிறார்கள். அண்ணன் எப்படி இறந்தான் என்பதை அவளிடம் மறைத்து, ‘நெஞ்சு வலி’ என்றோ ‘ஆக்சிடென்ட்’ என்றோ சொல்லிவைக்கிறார்கள். பள்ளியில் யாரேனும் ஒரு குழந்தை அவளிடம் உண்மையைச் சொல்லிவிடும், பெரும்பாலும் மோசமான முறையில். வயதுக்கு ஏற்ற எளிய சொற்களில், விவரங்களைத் தவிர்த்து, அண்ணனுக்கு மனத்தில் பெரிய வலி இருந்தது, அதனால் இப்படி நடந்துவிட்டது, உன்னால் நடந்ததில்லை, இனி யாருக்கு மனம் வலித்தாலும் இந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லலாம் என்று பெற்றோரே சொல்வது நல்லது. பயத்தில் அந்தக் குழந்தையைக் கழிப்பறைக் கதவைக்கூடச் சாத்தவிடாமல் கண்காணிக்கும் பெற்றோரும் உண்டு. அந்தப் பயம் புரிகிறது. ஆனால் தான் சந்தேகிக்கப்படுகிறோம் என்று அக்குழந்தைக்குத் தோன்றும்.

துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள்

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”, “ரொம்பக் கண்டிச்சீங்களோ?”, “கொடுத்து வைக்கல, அவ்வளவுதான்”, “இன்னொண்ணு இருக்கே, அதைப் பாத்து மனச தேத்திக்குங்க” ஆகிய நான்கையும் கேட்காத பெற்றோர் இல்லை. கெட்ட எண்ணத்தில் யாரும் இவற்றைச் சொல்வதில்லை. மௌனத்தைத் தாங்க முடியாமல் சொல்கிறார்கள். பேச ஒன்றும் தோன்றாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும். பேசுவதாக இருந்தால் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். ‘கார்த்தியை நான் கடைசியாகக் கோயில் திருவிழாவில் பார்த்தேன், என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான்’ என்பது போன்ற ஒரு சின்னச் செய்தி, அந்தத் தாயிடம் இல்லாத ஒரு நாளை அவள் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதாகும். எப்படிச் செய்தான், கடிதம் இருந்ததா என்று ஒருபோதும் கேட்க வேண்டாம்.

துக்க வீட்டிலிருந்து புறப்படும்போது ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். மற்ற துக்க வீடுகளுக்குச் சொல்லாவிட்டாலும் திரும்ப வருகிறோம்; இந்த வீட்டுக்குப் பலர் உண்மையாகவே வருவதில்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் கல்யாணப் பத்திரிகைகள் நின்றுவிடுகின்றன. மூன்றாம் மாதம், பிள்ளையின் பிறந்தநாள், அவனுடைய வகுப்பின் தேர்வு முடிவு வரும் நாள், நண்பர்கள் பட்டம் வாங்கும் நாள், முதல் தீபாவளி ஆகியவைதான் போக வேண்டிய நாள்கள். கையில் இரண்டு இட்லிப் பொட்டலத்தோடு போய், ‘சாப்பிட்டீங்களா’ என்று கேளுங்கள். குடும்ப அட்டையில் பெயர் நீக்குவது, இறப்புச் சான்றிதழ், காவல் நிலையத்தில் கைப்பேசியைத் திரும்பப் பெறுவது போன்ற வேலைகளுக்குக் கூடப் போய்வாருங்கள். அந்தக் கைப்பேசியில்தான் பிள்ளையின் படங்கள் எல்லாம் இருக்கும்.

எப்போது மருத்துவ உதவி தேவை?

துயரம் நோயன்று. ஆனால் துயரம் ஓரிடத்தில் உறைந்துபோய், காலம் கடந்தும் அன்றாட வாழ்வை முற்றிலும் முடக்கிவிடும் நிலையை ‘நீடித்த துயர நோய்’ என்று மருத்துவ உலகம் இப்போது ஏற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதற்குக் குறைந்தது ஆறு மாதம் என்று வரையறை வைத்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோயறிதல் கையேட்டுக்கு 2022இல் வெளியிட்ட திருத்தப் பதிப்பு பெரியவர்களுக்கு ஓராண்டு என்கிறது. இதற்கென வடிவமைக்கப்பட்ட பேச்சுச் சிகிச்சைகள் உள்ளன. தூக்கமின்மை, மனச்சோர்வு, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவது ஆகியவற்றுக்காக மருத்துவரைப் பார்க்க ஆறு மாதமோ ஓராண்டோ காத்திருக்கத் தேவையில்லை. மருந்து பிள்ளையை மறக்கவைத்துவிடும் என்ற பயம் பல தாய்மாருக்கு உண்டு. மருந்து அப்படிச் செய்வதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளையைத் தற்கொலையில் இழந்த பெற்றோருக்கு, குறிப்பாகத் தாய்மாருக்கு, அதே எண்ணம் எழும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. “நானும் அவன்கிட்டயே போயிடறேன்” என்று ஒரு தாய் சொன்னால், அதைத் துக்கத்தின் பேச்சு என்று தள்ளிவிட வேண்டாம், ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல் உடன் இருந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் இலவச மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா அமைப்பின் எண் 044-24640050. பெற்றோர் மட்டுமன்றி, இதைப் படிக்கும் எவரும் மனம் தாங்காத நேரத்தில் இந்த எண்களை அழைக்கலாம்.

தொடக்கத்தில் சொன்ன தந்தையைச் சென்ற மாதம் அதே ரீசார்ஜ் கடையில் பார்த்தேன். மகன் போய் நான்காம் ஆண்டு. கைப்பேசி கைக்கு வந்து வெகுநாள் ஆகிறது. படங்களை எல்லாம் மகளின் மடிக்கணினிக்கு மாற்றிக்கொண்டதாகச் சொன்னார். கடைக்காரர் வழக்கம்போல அந்த எண்ணைத் தட்டிவிட்டு, “28 நாள்தானே சார்?” என்றார். அவர் சற்று யோசித்துவிட்டு, “வருஷத்துக்குப் போட்ருங்க தம்பி” என்றார்.